திருச்சியில் மட்டும் விசில்: குன்னூர் வால்வு ரேடியோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் இருந்த செட் இது. 1950-களின் கடைசியில் வந்த வகை. மரப்பெட்டி, ஏ.சி. மெயின்ஸ், மீடியம் வேவ் ஒன்று, ஷார்ட் வேவ் இரண்டு. வால்வுகள்: மிக்சர் ஈசிஎச் 81 (செட்டுக்குள் அலை உண்டாக்கும் ஆசிலேட்டரும் இதிலேயே), ஐ.எஃப். (எந்த நிலையத்தையும் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அதிர்வெண்) ஈஎஃப் 89, டிடெக்டரும் (அலையிலிருந்து ஒலியைப் பிரிப்பது) முதல் ஆடியோவும் ஈபிசி 81, அவுட்புட் ஈஎல் 84, ரெக்டிஃபயர் ஈசெட் 80, நிலையம் சரியாக விழுந்ததை ஒளியால் காட்டும் மேஜிக் ஐ ஈஎம் 80. பின்மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த சுற்றுப்படத்தில் ஐ.எஃப். 455 கிலோஹெர்ட்ஸ் என்று தெளிவாக இருந்தது.

வீட்டார் சொன்ன குறைகள் நான்கு. "போட்டதும் நல்லாத்தான் பாடும், கால் மணி நேரத்துல கரகரன்னு ஆகி, கருகுற வாசனை வரும்" என்பது முதலாவது. சாயங்காலம் கரண்ட் குறையும்போது டயலில் 600 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவுமே கிடைக்காது. எல்லா நிலையமும் குறித்த இடத்திலிருந்து சற்று தள்ளியே விழும். நான்காவதுதான் சுவையானது: திருச்சி வானொலியைப் பிடித்தால் கூடவே ஒரு விசில், முள்ளை நகர்த்தினால் விசிலின் சுதியும் மாறும். வேறு எந்த நிலையத்திலும் அது இல்லை.

இவற்றில் கடைசி மூன்றைக் கேட்டதும் "அலைன்மென்ட் போயிடுச்சு" என்று சொல்லத் தோன்றும். (அலைன்மென்ட் என்பது காயில்களைத் திருகி உரிய அதிர்வெண்ணில் சேர்ப்பது.) யாரோ முன்பே அப்படி முடிவுகட்டி ஸ்குரூ டிரைவரைப் போட்டிருந்தார். உண்மையில் இந்த செட்டின் அலைன்மென்ட் தானாகப் போகவில்லை. ஈரம் ஒரு காயிலைத் தின்றது, அதைக் கண்டுபிடிக்காமல் மற்ற காயில்களைத் திருப்பியதால் எல்லாமே இடம் மாறியது. குன்னூருக்குத் தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, வடகிழக்குப் பருவ மழை அதைவிடப் பலமாகவே உண்டு. நடுவில் மூடுபனி. இந்த ஊரில் ஒரு வால்வு செட்டைத் திறந்தால் முதலில் தேட வேண்டியது ஈரம் செய்த வேலையை. திருகுகளுக்கு முறை கடைசியில்தான்.

பிளக்கைச் செருகும் முன்

வால்வு எண்களை முதலில் படிக்க வேண்டும். 'ஈ' என்று தொடங்கினால் 6.3 வோல்ட் ஹீட்டர், பெரும்பாலும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட். 'யூ' என்று தொடங்கினால் (யூசிஎச், யூஎல், யூஒய்) அது ஏ.சி.-டி.சி. செட், சேஸிஸே (பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டே) மெயின்ஸின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட சேஸிஸில் எர்த் கொடுக்கக் கூடாது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவும் கூடாது, சோதனை அலை தரும் சிக்னல் ஜெனரேட்டரையும் இணைக்கக் கூடாது. இது உயிர் விஷயம். நமது செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்ததால், உதிர்ந்துபோன பழைய ரப்பர் கயிற்றை எடுத்துவிட்டு மூன்று இழைக் கயிறு போட்டு, சேஸிஸ் எர்த் செய்யப்பட்டது. ஒரு ஆம்பியர் ஃபியூஸும் உள்ளே சேர்ந்தது.

கண்ணால் பார்த்ததில் கிடைத்தவை: ஸ்பீக்கர் துணியில் பூஞ்சை, சேஸிஸின் ஒரு மூலையில் துரு, பேப்பர் கண்டன்சர்களில் மெழுகு வழிந்து காய்ந்திருந்தது. டயல் கயிறு தொய்ந்து இரண்டு இடங்களில் பிசிறு விட்டிருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமான தகவல் திருகுகளின் தலையில் இருந்தது. இரண்டு ஐ.எஃப்.டி.-களிலும் (உலோகக் கேனுக்குள் இருக்கும் ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்கள்) கோர்களின், அதாவது காயிலுக்குள் திருகி நகர்த்தும் துண்டுகளின், மேல் இருந்த மெழுகு முத்திரை நான்கும் உடைந்திருந்தன. ஆசிலேட்டர் காயிலின் சிவப்பு அரக்கு மட்டும் தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டயல் கண்ணாடியைத் துடைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்துள்ள பின்பக்கத்தில் தண்ணீரோ ஸ்பிரிட்டோ படவே கூடாது. ஈரத்தில் இளகிய பெயின்ட் பஞ்சோடு வந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு நிறுத்தினால் போதும். வால்வுகளின் மேல் உள்ள எண்களுக்கும் இதே விதி.

உலர்த்துதல்

சமவெளிப் பட்டறைகளில் இந்தப் படியை யாரும் செய்வதில்லை, தேவையும் இல்லை. மலையில் இதைத் தவிர்க்க முடியாது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்கும் சேஸிஸுக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) அளந்தபோது 0.8 மெகோம்தான் இருந்தது. (மெயின்ஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவே போட்டிருக்கும் சிறு கண்டன்சரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.) அந்த நிலையில் மின்சாரம் கொடுத்திருந்தால் சுற்றுகளுக்கு இடையே தீப்பொறி ஓடி, கிடைப்பதற்கு அரிய டிரான்ஸ்ஃபார்மரே போயிருக்கும்.

ஒரு மரப்பெட்டி, அடியில் 40 வாட் இழை பல்பு இரண்டு, மேலே ஈரக்காற்று வெளியேற ஒரு விரல் அகல இடைவெளி, உள்ளே ஒரு தெர்மாமீட்டர். வால்வுகளையும் ஸ்பீக்கரையும் கழற்றி வைத்துவிட்டு சேஸிஸை உள்ளே வைத்து, 45 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம். 50-ஐத் தாண்டவிடக் கூடாது. காயில்களின் மெழுகு இளகத் தொடங்கினால் சுற்றுகள் நகரும். வெளியே எடுத்து ஆறியதும் அதே அளவு 40 மெகோமைத் தாண்டியது. அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடிப்பது மேற்பரப்பை மட்டும் காய வைக்கும், உள்சுற்று ஈரம் அப்படியே நிற்கும்.

ஏழு மெகோம் கசிவு

கரகரப்புக்கும் கருகல் வாசனைக்கும் காரணம் ஒரே ஒரு கண்டன்சர். ஈபிசி 81-இன் பிளேட்டிலிருந்து ஈஎல் 84-இன் கிரிட்டுக்குப் போகும் 0.01 மைக்ரோஃபாரட் பேப்பர் கண்டன்சர். (வால்வில் கேத்தோடு எலெக்ட்ரான்களை விடும், பிளேட் வாங்கும், நடுவில் கிரிட் அவற்றைக் கட்டுப்படுத்தும்.) அந்தக் காலத்து செட் எதிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

செட்டைச் சூடாக்கி அளந்தவை: ஈஎல் 84-இன் 2-ஆம் காலில், அதாவது கிரிட்டில், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 8 வோல்ட் பாசிட்டிவ். 3-ஆம் காலில், கேத்தோடில், 11.8 வோல்ட். கேத்தோடு ரெசிஸ்டன்ஸ் 150 ஓம் என்பதால் வால்வு இழுத்த மொத்த கரண்ட் 79 மில்லிஆம்பியர். எச்.டி. (வால்வுகளுக்குப் போகும் உயர் டி.சி. வோல்ட்) 215 வோல்ட்டுக்குச் சரிந்திருந்தது. பிளேட்டில் மட்டும் சுமார் 14 வாட் எரிந்தது. ஈஎல் 84 தாங்குவது 12 வாட். மற்ற வால்வுகளின் 22 மில்லிஆம்பியரையும் கூட்டினால் ரெக்டிஃபயர் 101 மில்லிஆம்பியர் கொடுத்துக்கொண்டிருந்தது. ஈசெட் 80-இன் எல்லை 90. இன்னும் சில வாரம் ஓடியிருந்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அறுந்திருக்கும்.

கணக்கைச் சற்று நின்று பார்க்கலாம். கிரிட் ரெசிஸ்டன்ஸ் 680 கிலோஓம். அதில் 8 வோல்ட் நிற்க 12 மைக்ரோஆம்பியர் கசிந்தால் போதும். ஈபிசி 81-இன் பிளேட்டில் 90 வோல்ட் இருந்தது. அப்படியென்றால் கண்டன்சரின் கசிவு சுமார் 7 மெகோம். அந்தக் கண்டன்சரைக் கழற்றி, ஆறிய பிறகு மல்ட்டிமீட்டரின் சில வோல்ட்டில் அளந்தால் முள் அசையவே அசையாது, "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பவும் மாட்டிவிடுவோம். பேப்பர் கண்டன்சரை வேலை செய்யும் வோல்ட்டிலும் சூட்டிலும்தான் சோதிக்க வேண்டும்.

கிரிட்டில் பாசிட்டிவ் வந்தால் வால்வும் குற்றவாளியாக இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி, ஈஎல் 84-ஐக் கழற்றிவிட்டு சாக்கெட்டின் 2-ஆம் காலில் அளப்பது. வோல்ட் அப்படியே நின்றால் கண்டன்சர், மறைந்தால் வால்வு. சுமை குறைந்து எச்.டி. மேலே ஏறும் என்பதால் சில நொடிகளில் அளந்து முடிக்க வேண்டும்.

630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சர் போட்டபின் கிரிட் பூஜ்யம், கேத்தோடு 7.5 வோல்ட், கரண்ட் 50 மில்லிஆம்பியர், எச்.டி. 248 வோல்ட்.

ஸ்கிரீன் (இரண்டாம் கிரிட்) கண்டன்சர்களும் ஏ.வி.சி. கண்டன்சரும் அதோடு மாற்றப்பட்டன. ஏ.வி.சி. என்பது நிலையத்தின் பலத்துக்கேற்ப ஒலியைத் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாடு. ஏ.வி.சி. வழியில் ரெசிஸ்டன்ஸ்கள் மெகோம் கணக்கில் இருப்பதால், அங்கே சிறு கசிவும் கட்டுப்பாட்டு வோல்ட்டைத் தின்றுவிடும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியின் குறுக்கே உள்ள கண்டன்சருக்கு 630 வோல்ட் போதாது, ஒலியின் உச்சத்தில் அங்கே வோல்ட் எகிறும். 1,600 வோல்ட் வகை போடப்பட்டது. மைக்கா, செராமிக் கண்டன்சர்களைக் குறையில்லாமல் தொட வேண்டியதில்லை. தொட்டால் அலைன்மென்ட் நகரும்.

எலெக்ட்ரோலிட்டிக் டப்பாவை அழகுக்காக மேலே விட்டுவிட்டு, அதன் இணைப்பைத் துண்டித்து, அடியில் 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் இரண்டு. "பெரிசா போட்டா ஹம் குறையும்" என்று 100 போடுவது தவறு. ஈசெட் 80-க்கு முதல் கண்டன்சரின் எல்லை 50 மைக்ரோஃபாரட். அதற்கு மேல் போனால் உச்ச கரண்ட் கேத்தோடைப் பொறிய வைக்கும்.

முதல் மின்சாரம் 60 வாட் சீரீஸ் பல்பு வழியாக. இதற்கு எல்.இ.டி. உதவாது, இழை பல்பே வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். இங்கே முதலில் பிரகாசித்து, பிறகு மங்கியது. பங்களாவில் இரவில் 240 வோல்ட்டும் சாயங்காலம் 195-ம் வந்துகொண்டிருந்தது. செட்டின் டேப் (மெயின்ஸ் வோல்ட்டுக்கேற்ப மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பு) 220-இல் இருந்தது. 240-இல் ஹீட்டருக்கு 6.9 வோல்ட் போகும். டேப்பை 245-க்கு மாற்றி, வெளியே ஒரு ஸ்டெபிலைசர் வைக்கச் சொல்லப்பட்டது.

சாயங்காலம் இறந்துபோகும் 600

ஈசிஎச் 81-இன் ஆசிலேட்டர் நலமாக இருக்கிறதா என்பதை டிரையோடு கிரிட்டில், 9-ஆம் காலில், நெகட்டிவ் வோல்ட் சொல்லிவிடும். மீட்டரின் நுனியில் 1 மெகோம் ரெசிஸ்டன்ஸ் வைத்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் வயரே ஆசிலேஷனை நிறுத்தும். 10 மெகோம் மீட்டர் இதனால் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும், பரவாயில்லை. கிரிட் ரெசிஸ்டன்ஸ் 47 கிலோஓம், கரண்ட் 200 மைக்ரோஆம்பியர் என்பது இந்த வால்வுக்கு நல்ல அளவு. அதாவது 9 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இந்த செட்டில் டயலின் மேல் முனையில் 9, கீழ் முனையில் 3. மெயின்ஸ் 195-க்கு இறங்கியதும் கீழே ஆசிலேஷன் நின்றுவிட்டது. காரணம், டிரையோடு பிளேட்டின் 33 கிலோஓம் கார்பன் ரெசிஸ்டன்ஸ் 56 கிலோஓமாக ஏறியிருந்தது. மாற்றியதும் முழு டயலிலும் 8-க்குக் குறையவில்லை. ஈபிசி 81-இன் 220 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டன்ஸும் 390 ஆகியிருந்தது, அதுவும் போனது. குறித்த மதிப்பிலிருந்து 20 சதவீதம் தாண்டிய எதையும் விட்டுவைக்கவில்லை.

பச்சைப் புள்ளி

ஐ.எஃப்.டி. சுற்றுகள் மூன்றில் 9 ஓம். முதல் ஐ.எஃப்.டி.-யின் பிரைமரி மட்டும் 38 ஓம், கம்பியைத் தொட்டால் அளவு ஆடியது. கேனைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, டேக்கில் (கம்பி முனையை இணைக்கும் தகட்டில்) ஈயம் வைத்த இடத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, மெழுகுக்கு அடியில் கடுகைவிடச் சிறிய பச்சைப் புள்ளி ஒன்று. அங்கே லிட்ஸ் கம்பியின் (பல மெல்லிழைகள் முறுக்கிய கம்பி) இழைகள் பெரும்பாலும் அறுந்து, ஒன்றிரண்டில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. பிரைமரி எப்போதும் எச்.டி.-யில், பாசிட்டிவ்வாக இருக்கிறது. அதில் ஈரமும் ஈய வேலையில் மிஞ்சிய ஃபிளக்ஸும் சேர்ந்தால் செம்பு மெல்ல மெல்லக் கரையும். செகண்டரியில் இது அபூர்வம்.

சரிசெய்தது இப்படி. கெட்ட துண்டை நறுக்கிவிட்டு வெளிச்சுற்றில் அரைச் சுற்றை அவிழ்த்து நீளம் எடுக்கப்பட்டது. லிட்ஸ் கம்பியின் நுனியை ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காட்டி, உடனே ஒரு மூடியில் வைத்த ஸ்பிரிட்டில் தோய்த்தால் பட்டும் எனாமலும் உதிர்ந்து ஒவ்வொரு இழையும் பளபளவென்று வரும். (விளக்கும் மூடியும் ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும்.) பிறகு ரோசின் ஈயம் மட்டும், ஆசிட் ஃபிளக்ஸ் தொடவே கூடாது. ஒரு இழை ஈயத்தில் சேராமல் விட்டுப்போனாலும் காயிலின் கூர்மை குறையும். ஆறியதும் 9 ஓம். மேலே ஒரு சொட்டுத் தேன்மெழுகு. கோத்தகிரிப் பக்கம் நல்ல தேன்மெழுகு கிடைப்பதில் சிரமமில்லை, இந்த வேலைக்கு அதைவிட உகந்தது வேறில்லை. கோர்களின் முத்திரைக்கும் இதே மெழுகுதான். நெயில் பாலிஷ், பெயின்ட் போட்டால் அடுத்த முறை கோர் உடையும்.

அதே கேனின் எர்த் காது துருப்பிடித்துச் சேஸிஸோடு தொடர்பு விட்டிருந்தது. சுரண்டி, வாஷர் போட்டு இறுக்கப்பட்டது.

விசில் எங்கிருந்து வந்தது

ஜெனரேட்டரை 0.01 மைக்ரோஃபாரட் வழியாக ஈசிஎச் 81-இன் 2-ஆம் காலில் கொடுத்து, எதையும் திருப்பாமல், செட் எந்த அதிர்வெண்ணில் உச்சம் காட்டுகிறது என்று பார்த்தபோது கிடைத்த எண் 468. அதோடு விசிலின் மர்மம் தீர்ந்தது.

டிடெக்டர் எப்போதும் ஐ.எஃப்.-இன் இரட்டிப்பையும் உண்டாக்கும். 468-இன் இரட்டிப்பு 936. திருச்சி வானொலியின் அதிர்வெண் 936 கிலோஹெர்ட்ஸ். எர்த் விட்ட கேன் வழியே அந்த இரட்டிப்பு ஏரியல் பக்கம் கசிந்து, நிலையத்தோடு மோதியது. முள் ஒரு கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் இரட்டிப்பு இரண்டு நகரும். அதனால்தான் சுதி மாறியது. 455-இல் இருந்திருந்தால் இரட்டிப்பு 910-இல் விழும், திருச்சியிலிருந்து 26 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, காதுக்குப் பாதகமில்லாமல்.

அறுந்த காயில் கூர்மையே இல்லாமல் தட்டையாக இருந்ததால், முன்பு திருப்பியவருக்கு உச்சம் கிடைக்கவில்லை. மற்ற மூன்றையும் காதால் கேட்டு எங்கோ சேர்த்திருக்கிறார். ஆசிலேட்டரைத் தொடாததால் 13 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் டயலில் தெரிந்தது: கோவையின் 999, முள் 1012-க்கு வந்த பிறகே கிடைத்தது. ஏரியல் காயிலும் அதே 13 பிசகியது. கீழ்முனையில் அந்தக் காயில் கூர்மையாக இருப்பதால் 600 பக்கம் பலவீனத்துக்கு அது இரண்டாவது காரணம்.

அலைன்மென்ட்

அரை மணி நேரம் சூடான பிறகே தொடங்க வேண்டும். முதலில் ஜெனரேட்டரையே நம்பக் கூடாது. பழைய ஜெனரேட்டரின் டயல் 3 சதவீதம் பிசகினால் அதுவே 13 கிலோஹெர்ட்ஸ். அதிர்வெண் காட்டும் கவுண்டர் இல்லையென்றால், ஒரு டிஜிட்டல் ரேடியோவை 910-இல் வைத்து, 455-இல் வைத்த ஜெனரேட்டரின் இரட்டிப்பை அதில் பிடித்துப் பார்க்கலாம்.

ஸ்பீக்கரின் குறுக்கே ஏ.சி. வோல்ட் மீட்டர். 5 ஓம் ஸ்பீக்கரில் 0.5 வோல்ட் என்றால் 50 மில்லிவாட். முழு வேலையும் அந்த அளவிலேயே நடக்க வேண்டும். அளவு ஏறினால் ஜெனரேட்டரைக் குறைக்க வேண்டும், வால்யூமை அல்ல. சிக்னல் பலமாக இருந்தால் ஏ.வி.சி. குறுக்கே வந்து உச்சத்தை மழுக்கும். கேங்கை (முள்ளோடு திரும்பும் டியூனிங் கண்டன்சரை) முழுக்க மூடி, ஆசிலேட்டர் பகுதியை ஷார்ட் செய்து, 455-இல் பின்னிருந்து முன்னாக: இரண்டாம் ஐ.எஃப்.டி. செகண்டரி, பிரைமரி, பிறகு முதலாவதின் செகண்டரி, பிரைமரி. இரண்டு சுற்று.

ஒவ்வொரு கோருக்கும் இரண்டு உச்சம் கிடைக்கும், ஒன்று வெளியிலிருந்து நுழையும்போது, இன்னொன்று காயிலைக் கடந்து உள்ளே போகும்போது. வெளிப்புற உச்சமே சரி. உள் உச்சத்தில் வைத்தால் இரண்டு கோர்களும் நெருங்கி, பிணைப்பு கூடி, ஒரே உச்சத்துக்குப் பதில் இரட்டைத் திமில் வரும். இந்த செட்டில் ஒரு கோரின் பிளவு நொறுங்கியிருந்தது. கேனை லேசாக வெதுவெதுப்பாக்கி, மறுமுனையில் உள்ள பிளவில் பிளாஸ்டிக் டிரிம்மிங் குச்சியைப் போட்டதும் அசைந்தது. இரும்பு டிரைவர் கோருக்குள் இருக்கும்போது ஒரு அளவு, எடுத்தபின் வேறு அளவு.

ஐ.எஃப். 455-க்கு வந்ததும், வேறு எதையும் தொடாமலே கோவை 1001-இல் வந்து நின்றது. சிவப்பு அரக்கைத் தொடாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று அப்போது தெரிந்தது. ஏரியலில் 200 பைக்கோஃபாரட் வைத்து 600-இலும் 1500-இலும் பார்த்ததில், 1500-இல் ஆசிலேட்டர் டிரிம்மரைக் (நுண்சரிப்புக்கான சிறு கண்டன்சரை) கால் திருப்புக்கும் குறைவாக நகர்த்தினாலே போதுமானதாக இருந்தது. பிறகு ஏரியல் காயில் 600-இலும் அதன் டிரிம்மர் 1400-இலும், மாறி மாறி மூன்று முறை. குன்னூர் கிழக்குச் சரிவில் கோவையைப் பார்த்து இருப்பதால், ஒலிபரப்பு நேரத்தில் 999-ஐ நடு டயலின் சோதனைப் புள்ளியாக வைத்துக்கொள்வது வசதி.

ஷார்ட் வேவில் ஏரியலுக்கு 400 ஓம் சீரீஸில் வைக்க வேண்டும். அங்கே ஒரே பொறி, இமேஜ்: ஒரே சிக்னல் ஐ.எஃப்.-இன் இரட்டிப்பு அளவு தள்ளி இன்னொரு இடத்திலும் கேட்பது. டிரிம்மரில் இரண்டு உச்சம் வந்தால் கொள்ளளவு குறைந்த பக்கத்தை எடுக்க வேண்டும், ஆசிலேட்டர் சிக்னலுக்கு மேலே நிற்க வேண்டியது என்பதால். சரிபார்க்க, ஜெனரேட்டரை 15 மெகாஹெர்ட்ஸில் விட்டுவிட்டு முள்ளைக் கீழே நகர்த்தினால், 14.09-இல் அதே சிக்னல் பலவீனமாகக் கேட்க வேண்டும். 15.91-இல் கேட்டால் தவறான உச்சத்தில் நிற்கிறோம்.

பட்டறைக்கு வந்தபோது 1000 கிலோஹெர்ட்ஸில் 50 மில்லிவாட் ஒலிக்கு 900 மைக்ரோவோல்ட் சிக்னல் தேவைப்பட்ட செட்டுக்கு இப்போது 25 போதும். திருச்சியில் விசில் இல்லை.

வீட்டுக்குப் போனபின்

செட் முன்பு ஈரச்சுவரை ஒட்டிய அலமாரியில், எம்பிராய்டரி துணி போர்த்தி இருந்தது. இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பின்பக்கம் மூடாமல். மழை மாதங்களில் தினமும் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். வால்வுகளின் சூடே அதற்கு மருந்து. 12 மீட்டர் ஏரியல் கம்பிக்கு ஒரு சுவிட்ச் வைத்து, இடி மழைக்கு முன் எர்த்தோடு சேர்க்கும்படி சொல்லப்பட்டது.

வடகிழக்குப் பருவம் முடிந்து ஜனவரியில் மறுபடி அளந்தவை: டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் 35 மெகோம், ஈஎல் 84 கிரிட்டில் பூஜ்யம், ஐ.எஃப். உச்சம் 454.6. முத்திரைகளை உடைக்காமல் பின்மூடி திரும்ப மாட்டப்பட்டது.